சாம்பல் தண்ணீர்

என் சைக்கிளில் ஓரிடத்தில்தான் துரு இருக்கிறது. ஹாண்டிலின் வலப்பக்க வளைவில், மிளகளவு. ஊரை விட்டு இடம்பெயர்ந்து நாங்கள் இப்போது தங்கியிருக்கும் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அதைப் பார்ப்பவர்கள், இந்த மழைக்குள்ளும் சனத்துக்குள்ளும் இவ்வளவு தூரம் வந்த சைக்கிள் இப்படி மினுங்குகிறதே என்று கேட்கிறார்கள். பதில் நீளமானது. எனக்கு நீளமாகக் கதைக்க வராது.

குருநகர் ஆட்கள் யாராவது வாசலால் போனால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். நீக்கிலாப்பிள்ளையின் குடும்பத்தைக் கண்டீர்களா என்று கேட்கத்தான் போகிறேன். பாதி நேரம் கேட்காமலே திரும்பி வருகிறேன்.

அவர்கள் எங்கள் வளவுக்கு வந்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கார்த்திகையில், குருநகரில் குண்டு விழுந்த கிழமை. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புகையிலை உலர்த்தும் கொட்டில் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அம்மா அதைக் கொடுத்தார். நீக்கிலாப்பிள்ளை, அவர் மனைவி யோசப்பின், மகள் யசிந்தா. மூன்று பேருக்கு இரண்டு பாயும் ஒரு மாதா படமும் இருந்தன. அவர்களுடைய சைக்கிள் வீட்டோடு போய்விட்டது.

நீக்கிலாப்பிள்ளைக்குக் கடல் இல்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையில் கொட்டில் வாசலில் நின்று தோட்டத்தைப் பார்ப்பார்.

“இதுக்கை வலை போட்டால் என்ன பிடிபடும் பிள்ளை?” என்று என்னிடம் கேட்பார்.

“மயிர்க்கொட்டிப் புழுதான். பிடிச்சுக்கொண்டு வாங்கோ, பொரிச்சுத் தாறன்,” என்று உள்ளேயிருந்து யோசப்பினின் குரல் வரும்.

அம்மா நல்லவர். அவர்களுக்கு அரிசி கொடுத்தார், மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார், எங்கள் கிணற்றில் அள்ளிக் குளிக்கச் சொன்னார். ஆனால் எங்கள் வீடு சைவ வீடு. மீன், மச்சம் சமைக்கிறவர்களுக்கு இரவல் கொடுத்த சட்டியோ கிண்ணமோ திரும்பி வந்தால், அதை நேரே குசினிக்குள் எடுக்கமாட்டார். கிணற்றடியில் வைத்துச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டு, பிறகுதான் உள்ளே கொண்டுபோவார். சவர்க்காரம் கிடைக்காத காலம். எங்கள் பாத்திரங்களையும் சாம்பலால்தான் தேய்த்தோம். ஆனால் அவற்றை ஒரு தரம். இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்தேன். பார்த்துப் பார்த்து, கண்ணில் படாமலே போயிருந்தது.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. நியமனம் வரும்வரை மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் இரசாயனம் படிப்பித்தேன். போய்வர அந்தச் சைக்கிள். அண்ணை கனடாவுக்குப் போகுமுன் வாங்கித் தந்தது. பொருளாதாரத் தடையால் பெட்ரோல் இல்லை, பஸ் இல்லை, ரயர், ரியூப் கிடைப்பது அருமை. சைக்கிள் பழுதானால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அதனால் அதை நான் கவனமாக வைத்திருந்தேன். மழையில் நனைந்தால் சாப்பிட முன் அதைத் துடைப்பேன். பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை.

தொண்ணூற்று நான்கு ஐப்பசியில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் நோட்டீஸ் ஒட்டியது. வருகிற பங்குனியில் பெண்களுக்கான சைக்கிளோட்டம். சண்டிலிப்பாய்ச் சந்தியில் தொடங்கி, சங்கானை, சித்தங்கேணி, பண்டத்தரிப்பு என்று சுற்றித் திரும்பவும் சந்தி. இரண்டு சுற்று. முதற்பரிசு ஒரு புதுச் சைக்கிள்.

அன்று பின்னேரமே யசிந்தா வந்தாள். அவளுக்கு அப்போது இருபது வயது. பட்டணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தாதிப் பயிற்சி வகுப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சித்திரையில் தொடங்கும். சண்டிலிப்பாயிலிருந்து போக ஆறு மைல், வர ஆறு மைல். குருநகருக்குத் திரும்பிப் போனால் நடந்தே வகுப்புக்குப் போகலாம். ஆனால் அங்கே அவர்களுடைய வீட்டுக்குக் கூரை இல்லை, கடலுக்கு எதிர்ப்பக்கம் மண்டைதீவில் ஆமிக் காம்ப். ஷெல் எப்போதும் வரலாம். இங்கே இருந்து படிப்பதென்றால் அவளுக்கு ஒரு சைக்கிள் வேண்டும். சைக்கிளுக்கு வேறு வழி இல்லை.

“ரீச்சர், உங்கடை சைக்கிளைத் தருவியளே?”

“போட்டிக்கோ?”

“போட்டிக்கும்தான். பழகிறதுக்கும்தான்.”

“ரயர் தேஞ்சு போகுமே,” என்றேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

“அப்ப தேயாமல் ஓடுறன்,” என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்து, “பகிடிக்குச் சொன்னனான் ரீச்சர். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். தேயாமல் ஓடலாம் என்று கண்டேன்.

கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மிசினுக்காகக் கட்டிய சின்னக் கொட்டில் ஒன்று இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கமும் கல் சுவர். மண்ணெண்ணெய் இல்லாததால் மிசின் மூலையில் சாக்கால் மூடிக் கிடந்தது. சைக்கிளை அங்கே கொண்டுபோய் ஸ்ராண்டில் ஏற்றினேன். பின்சில்லு நிலத்தில் முட்டாமல் நின்றது. முன்சில்லை இரண்டு கல்லுக்கு நடுவே இறுக்கினேன். பின்சில்லின் றிம்மில், ரயரில் படாமல், ஒரு மரக்கட்டை உரசும்படி பழைய ரியூப் வாரால் கட்டினேன். வாரை இறுக்க இறுக்க மிதிப்பது கடினமாகும். சைக்கிள் ஓரடி நகராது. கால் மட்டும் பத்து மைல் ஓடும்.

யசிந்தா ஏறி மிதித்துப் பார்த்தாள்.

“அம்மாடி. மலையிலை ஏறுற மாதிரிக் கிடக்கு.”

“யாழ்ப்பாணத்திலை மலை எங்கை கண்டீர்?”

“அதுதான் ரீச்சர், நான் ஆயத்தமாயெல்லோ இருக்கிறன்.”

யோசப்பின் வந்து வாசலில் நின்று பார்த்தார். “எங்கை மேனை போறாய்?”

“சங்கானைக்கு அம்மா.”

“அப்ப வரேக்கை ரெண்டு வெங்காயம் வாங்கிக்கொண்டு வா.”

நான் பள்ளிக்கூடத்தால் வந்த பிறகு, மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை மிதி என்று எண்ணிக் கொப்பியில் எழுதினேன். முதற் கிழமை அறுபது. கழுத்தில் கிடக்கும் செபமாலையைக் கழற்றிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டுத்தான் அவள் தொடங்குவாள். வேர்வை பட்டால் அதன் வெள்ளிச் சிலுவை கறுத்துவிடும் என்றாள்.

றோட்டில் ஓடினால் காற்று வேர்வையை உலர்த்தும். அந்தக் கொட்டிலுக்குள் காற்று இல்லை. கால் மணித்தியாலத்தில் அவளுக்கு ஊற்றத் தொடங்கும். நாடியிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து, முழங்கையிலிருந்து துளித்துளியாக விழும். ஹாண்டிலின் நடுப் பூட்டில், அதன் ஆணித் தலையில், பிறேக் கம்பியில். துளி ஒரே இடத்தில் விழுவதைக் கண்டேன். அவளுடைய காலைப் பார்க்க வேண்டிய நான் துளி விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன ரீச்சர், சைக்கிளுக்கு நோகுதோ?”

“உப்பு. பூச்சிலை சின்ன வெடிப்பு இருந்தாலும் அதுக்குள்ளை போயிடும். பிறகு கறள் பிடிக்கும்.”

“அப்ப அதுக்கு ஒரு சட்டை தைச்சுப் போடுங்கோ.”

அவள் பகிடி விட்டாள். நான் தைத்தேன். அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றை இரண்டாக மடித்து, நான்கு மூலையிலும் நாடா வைத்து, ஹாண்டிலிலிருந்து ஆசனத்தடிவரை தொய்வாகக் கட்டினேன். விழுகிற துளியெல்லாம் சேலையில் விழுந்தது. பிடிகளுக்கு வேறு துணி சுற்றினேன். அது குழந்தையைக் கிடத்தும் ஏணை மாதிரி இருந்தது.

“ஆரைத் தாலாட்டப் போறியள்?” என்று யோசப்பின் கேட்டார். யசிந்தா மிதித்துக்கொண்டே சிரித்தாள். சிரித்தால் மூச்சு இரைக்கும், எண்ணிக்கை குறையும். நான் கண்டிப்பேன். அந்த நாட்களில்தான் ரீச்சர் என்பதை விட்டு அவள் என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள். எனக்குத் தங்கை இல்லை. அதைக் கேட்க விருப்பமாக இருந்தது. விருப்பம் என்று அவளிடம் சொன்னதில்லை.

அவள் போன பிறகு சைக்கிளைக் கழுவுவேன். முதலில் வெறுந்தண்ணீர், உப்புப் போக. பிறகு சாம்பலைக் கரைத்து வடித்த தண்ணீர். சாம்பலில் காரம் உண்டு. காரமான நீரில் இரும்பு இலகுவில் துருப்பிடிக்காது. பிறகு திரும்பவும் நல்ல தண்ணீர். கடைசியில் உலர்த்தித் துடைத்து, இலுப்பெண்ணெய் ஒரு துளி. மூன்று தரம். ஆய்வுகூடத்தில் குடுவையையும் மூன்று தரம்தான் அலசுவோம். சாம்பல் எடுத்தது அம்மா பாத்திரத்துக்கு வைத்திருந்த சட்டியிலிருந்து. வேறு சாம்பல் வீட்டில் இல்லை.

அவள் நிற்கும்போது இதை நான் ஒருநாளும் செய்யவில்லை. கூச்சமாக இருந்தது. ஏன் கூச்சம் என்று என்னையே கேட்டிருந்தால் ஏதாவது விளங்கியிருக்கும்.

தையில் சண்டை நின்றது. பேச்சுவார்த்தை என்றார்கள். பிளேன் வரவில்லை. சனம் தலையை நிமிர்த்தி நடந்தது. இனி றோட்டிலேயே ஓடிப் பழகலாம் என்று யசிந்தா சொன்னாள். ரயர் இன்னும் கைக்கெட்டவில்லை, கொட்டிலிலேயே ஓடும் என்றேன். அவள் திரும்ப ஏறி மிதித்தாள். எண்ணிக்கை எண்பத்தைந்துக்கு வந்திருந்தது. அவள் வெல்லுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கபிலப் போத்தல் ஒன்றில் வெள்ளி நைத்திரேற்று கொஞ்சம் மிஞ்சியிருந்தது. உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரளும். ஒருநாள் ஆசையில் அந்தச் சேலைத் துண்டின் ஒரு மூலையை மழைத்தண்ணீரில் அலசி, அதில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். பால் போல வந்தது. நான் முகம் துடைத்த கைலேஞ்சியையும் அதே மாதிரி அலசிப் பார்த்தேன். மெல்லிய கலங்கல்தான். அடுத்த நாள் யசிந்தாவிடம் சொன்னேன். ஒரு முடிவைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் சொன்னேன்.

“என்ரையை விட உம்மடை வேர்வையிலை உப்புக் கூட.”

கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

“கடற்கரை ஆக்களெல்லோ அக்கா,” என்றாள். பிறகு, “இஞ்சை வந்து ஏ.எல். எழுதின வருசம், பள்ளிக்கூடத்திலை என்ரை வாங்கிலை இருந்த ரெண்டு பேர் வெள்ளிக்கிழமையிலை வேறை வாங்குக்குப் போயிடுவினம். வேர்த்தால் மீன் மணக்குதாம். கோயிலுக்குப் போற நாளாம். நான் மீன் கண்டே அப்ப ஆறு மாசம்,” என்றாள்.

அதையும் பகிடியாகத்தான் சொன்னாள். நான் மணத்தைச் சொல்லவில்லை, உப்பின் அளவைத்தான் சொன்னேன், நீர் என்னைவிடக் கனக்க வேர்ப்பதால் அப்படி வந்தது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வசனத்தை மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்காக வருவதற்குள் நான்கு மணி ஆகிவிட்டது. அவள் இறங்கிவிட்டாள்.

போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தது. அன்று அவள் தொண்ணூறு மிதித்தாள். ஒரு மணித்தியாலம் முழுக்க, குறையாமல். இறங்கும்போது கால் நடுங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, வெண்டால் உங்களைப் பின்னாலை ஏத்திக்கொண்டு சந்தி முழுக்கச் சுத்துவன். மாட்டன் எண்டு சொல்லக்கூடாது.”

“எனக்கு வெக்கம்.”

“கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ.”

அவள் போனாள். நான் சேலையை அவிழ்த்து ஊறப்போட்டுவிட்டுச் சைக்கிளைக் கழுவத் தொடங்கினேன். இரண்டாம் முறை முடிந்திருந்தது. அம்மா வாளியுடன் கிணற்றடிக்கு வந்தார். கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“குணம், மூண்டாந்தரமும் சாம்பல் போட்டுத் தேய். அதுகளின்ரை வேர்வை மணம் லேசிலை போகாது.”

கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற குரல்தான். நான் நான்கு மாதமாகச் சாம்பல் எடுப்பதை அவர் பார்த்திருக்கிறார். தன் மகளும் தன்னைப் போலவே செய்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

மணத்துக்கில்லை அம்மா, உப்புக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் அம்மாவை எதிர்த்துக் கதைத்துப் பழகவில்லை. ஒவ்வொன்றையும் விளங்கப்படுத்தவும் எனக்கு அலுப்பு.

“ஓம்,” என்றேன்.

அம்மா தண்ணீர் அள்ளிக்கொண்டு போனார். நான் சாம்பல் சட்டியை எடுக்கத் திரும்பினேன். வாசலில் யசிந்தா நின்றாள். செபமாலையை ஆணியில் மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

அவள் சைக்கிளைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். அந்தச் சட்டி அவளுக்குத் தெரியும். அவளுடைய தாய் திருப்பிக் கொடுத்த பாத்திரங்களை அம்மா அந்தச் சட்டியை வைத்துக்கொண்டு தேய்ப்பதை அவள் ஒரு வருடத்துக்கு மேலாகப் புகையிலைக் கொட்டில் வாசலில் இருந்து பார்த்திருக்கிறாள். கையை நீட்டி ஆணியிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

“இதை விட்டிட்டுப் போனன் ரீச்சர்,” என்றாள்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் புகையிலைக் கொட்டிலுக்குப் போனேன். அவள் தென்னோலையில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். எழும்பி நின்றாள்.

“கால் பிடிச்சுப் போட்டுது ரீச்சர்.”

“எண்ணெய் பூசிறனீரோ?”

“ஓம்.”

நான் கொண்டுபோன விளக்கம் முழுவதும் என்னிடம் இருந்தது. குளோரைட்டு, காரம், குரோமியப் பூச்சு. சொல்லியிருந்தால் ஒவ்வொன்றும் உண்மையாக இருந்திருக்கும்.

“அப்ப ரெண்டு நாள் ஆறியிரும்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போட்டியன்று காலையில் சைக்கிளுக்குக் காற்று அடித்து, எண்ணெய் விட்டு, நானே சந்திக்கு உருட்டிக்கொண்டு போனேன். வாசிகசாலைச் சுவரில் சாத்திவிட்டு நின்றேன். அவள் கேட்டால் கொடுக்க ஆயத்தமாக இருந்தேன். கேட்காமல் கொடுக்க ஆயத்தமாக இருக்கவில்லை.

யசிந்தா தன் மாமன் அடைக்கலநாதனின் சைக்கிளில் வந்தாள். அவர் ஊர் ஊராக மீன் விற்பவர். ஆண்களின் சைக்கிள். பின்னால் மீன்பெட்டி வைக்கும் இரும்புக் கரியரைக் கழற்ற முடியவில்லை, ஒட்டிப் பிடித்திருந்தது. அதோடேயே ஓட வந்திருந்தாள். பாவாடையை ஒதுக்கி நடுப்பாரைத் தாண்டி ஏறியபோது சனத்துக்குள் சிரிப்பு எழுந்தது.

இருபத்தாறு பேர் ஓடினார்கள். முதற்சுற்றில் அவள் ஆறாவதாக வந்தாள். சந்தியால் போகும்போது யாரோ மீன்காரரின் ஹோர்ன் மாதிரி வாயால் ஊதினார்கள்.

“மீன் வந்திட்டுது, சட்டியைக் கொண்டு வாங்கோ!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தது. நாடியிலிருந்து வேர்வை அந்தக் கறுத்த ஹாண்டிலில் சொட்டியது. நான் மனதுக்குள் எண்ணினேன். எண்பத்தெட்டு. அந்தப் பாரத்தோடு எண்பத்தெட்டு.

இரண்டாம் சுற்று முடிவில் பண்டத்தரிப்புப் பக்கமிருந்து இரண்டு பேர் மட்டும் தெரிந்தார்கள். நெல்லியடியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் யசிந்தாவும். அந்தப் பெண் ஓடியது என்னுடையது போன்ற ஒரு சைக்கிள். கடைசிவரை இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். அரைச் சில்லு வித்தியாசத்தில் யசிந்தா இரண்டாவது.

இரண்டாம் பரிசு ஒரு ரோச் லைற். பற்றறி இல்லை. பற்றறிக்குத் தடை இருந்த காலம். நீக்கிலாப்பிள்ளை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாய்க்கு அடிக்க உதவும்,” என்றார். யோசப்பின் சிரிக்கவில்லை. யசிந்தா கரியரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள். நான் அவளுக்குப் பத்தடி தூரத்தில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கண்டாள். சைக்கிளையும் கண்டாள்.

அடுத்த கிழமை அவர்கள் குருநகருக்குத் திரும்பப் போவதென்று முடிவெடுத்தார்கள். வகுப்புத் தொடங்கப் போகிறது, சண்டையும் இல்லைத்தானே என்றார் நீக்கிலாப்பிள்ளை. பின்னி வைத்த கிடுகுகளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். யசிந்தா எங்கள் சட்டி, தாச்சி, இரண்டு கிண்ணம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கிணற்றுக் கட்டில் அடுக்கினாள். அவை பளபளவென்று இருந்தன.

“சாம்பல் போட்டு மூண்டு தரம் கழுவினது அன்ரி. நீங்கள் திரும்பக் கழுவத் தேவையில்லை.”

“உமக்கேன் பிள்ளை உந்தக் கரைச்சல்,” என்றார் அம்மா. உண்மையாகவே அவருக்கு அது கரைச்சலாகத்தான் பட்டது. யோசப்பினின் கையைப் பிடித்து, வந்து போங்கோ என்று சொல்லிக் கண் கலங்கினார். வண்டி படலையைத் தாண்டியதும் சட்டிகளை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

நாலைந்து நாள் கழித்து என் சித்தியின் மகள் மகாதேவி வந்து சைக்கிளை இரவல் கேட்டாள். சுன்னாகம் சந்தைக்குப் போய்விட்டு மத்தியான வெயிலில் திரும்பி வந்தாள். வேர்த்து ஊற்றியிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். நான் அவளுக்கு எங்கள் மூக்குப்பேணியில் தண்ணீர் கொடுத்தேன். கதைத்துக்கொண்டிருந்தோம். பிறகு சைக்கிளை எடுத்து உள்ளே வைத்தேன். ஹாண்டிலின் வளைவில் ஒரு துளி நின்றது. அதைக் கண்டேன்.

மூன்றாம் நாள் அந்த இடத்தில் கபிலமாக ஒரு புள்ளி.

நான் அதைத் தேய்க்கப் போய் நின்றுவிட்டேன். துளியைக் கண்டதும் ஞாபகம் இருந்தது. துடைக்கத் தோன்றாததும் ஞாபகம் இருந்தது. சோம்பலோ மறதியோ இல்லை. மகாதேவியின் வேர்வையைத் துடைக்க வேண்டும் என்று ஒரு கணம்கூட எனக்குப் படவில்லை. அவளுடைய வேர்வையிலும் உப்பு இருக்கிறது. அதை அறிய வெள்ளி நைத்திரேற்று வேண்டியதில்லை. இத்தனை மாதமாக நான் எனக்குள் வைத்திருந்த குளோரைட்டு, காரம், குரோமியம் எல்லாம் அப்படியே உண்மையாக இருந்தன. அவற்றின் கீழே வேறொன்றும் இருந்திருக்கிறது. பூச்சு பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வருடப்பிறப்புக்கு முதல் நாள் குருநகருக்குப் போனேன். வீட்டின் பாதிக்குக் கிடுகு போட்டிருந்தார்கள். மற்றப் பாதியால் வானம் தெரிந்தது. யோசப்பின் என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

“இந்த வெயிலுக்கை வந்தியளே பிள்ளை? முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. இந்தாங்கோ, துடையுங்கோ.”

தன் தோளில் கிடந்த துவாயைத் தந்தார். துடைத்தேன். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கிளாஸில், அடியில் கடையின் ஒட்டுத்தாள் இன்னும் உரிக்காமல் இருந்தது.

“பயப்பிடாமல் குடியுங்கோ. புதுக் கிளாஸ். நாங்கள் ஒருத்தரும் வாய் வைக்கேல்லை. தண்ணியும் வேறை கேத்திலிலைதான் கொதிக்க வைச்சனான்.”

அவர் அன்பாகச் சொன்னார். நான் குடித்தேன். சூடு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

யசிந்தா வந்தாள். வகுப்புக்கு முதற் கிழமை. வெள்ளைச் சட்டை. நடந்து வந்ததில் முதுகு நனைந்திருந்தது. என்னைக் கண்டு, “வாங்கோ ரீச்சர்,” என்றாள். தாய் உள்ளே போனார்.

“சைக்கிளைக் கொண்டு வந்தனான்,” என்றேன். “நீர் வைச்சிரும். எனக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தானே.”

“மானிப்பாய் ரெண்டரைக் கட்டைத் தூரம்,” என்றாள்.

வழியெல்லாம் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்த வசனங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றும் வரவில்லை. ஹாண்டிலில் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினேன்.

“இது மகாதேவி ஓடின அண்டைக்கு வந்தது. அவளின்ரை வேர்வையை நான் துடைக்கேல்லை. துடைக்கோணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை.”

அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எனக்கு அது அண்டைக்கே தெரியும் ரீச்சர். உங்களுக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்கு.”

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. கிடுகு சலசலத்தது.

“சைக்கிளைக் கொண்டு போங்கோ. இது உப்புக்காத்து. இஞ்சை நிண்டால் ஒரு கிழமையிலை முழுக்கக் கறள் பிடிச்சிடும். பிறகு உங்களுக்கு மனவருத்தம்.”

ஒழுங்கை முடியும்வரை அவளே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். ஒழுங்கை முகப்பில் என்னிடம் தந்தாள். வெயில். பிடியில் அவளுடைய கை ஈரம் இருந்தது. நான் அப்படியே பிடித்துக்கொண்டு ஏறினேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் பெரிய றோட்டு வந்துவிட்டது.

ஆறாம் நாள் சண்டை திரும்பத் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் குருநகருக்குப் போகவில்லை.